தோற்றுப் பழகிய அணிக்கு ரசிகராவது எப்படி? ராச்டேலுக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு

மான்செஸ்டருக்குப் படிக்கவோ வேலைக்கோ வருகிற நம் ஊர்ப் பிள்ளைகள் முதல் மாதத்திலேயே கேட்கிற கேள்வி, "ஓல்ட் டிராஃபோர்டுக்கு டிக்கெட் எப்படி எடுப்பது?" என்பதுதான். மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து அணியின் மைதானம் அது. நானும் கேட்டேன். விலையைப் பார்த்தேன், வாயை மூடிக்கொண்டேன். அப்புறம் ஒரு சனிக்கிழமை, வேறு வேலை எதுவும் இல்லாததால், விக்டோரியா ஸ்டேஷனில் ரயில் ஏறி வடகிழக்கே இருக்கிற ராச்டேலுக்குப் போனேன். அன்று ராச்டேல் கால்பந்து அணி தோற்றது. அடுத்த முறை போனபோதும் தோற்றது. மூன்றாவது முறை டிரா. பக்கத்தில் நின்றிருந்த பெரியவர் என் தோளைத் தட்டி, பேரன் பரீட்சையில் பாஸானது மாதிரி சிரித்தார். அதற்கு அடுத்த வாரம் நானாகவே ரயில் நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என்னைப் போல யாராவது அங்கே போய் மாட்டிக்கொள்ள விரும்பினால், என்னென்ன செய்ய வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

1. யாரிடம் மாட்டிக்கொள்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

இங்கிலாந்துக் கால்பந்து ஓர் ஏணி. உச்சியில் பிரீமியர் லீக், 20 அணிகள். அதற்குக் கீழே மூன்று படிகள், ஒவ்வொன்றிலும் 24 அணிகள். ஆக மொத்தம் 92. ஐந்தாவது படிக்குப் பெயர் நேஷனல் லீக். நன்றாக ஆடினால் மேலே ஏறலாம், மோசமாக ஆடினால் கீழே இறங்க வேண்டும். இறங்க முடியும் என்பதால்தான் கடைசி இடத்தில் இருக்கிற அணியின் ஆட்டத்தைக்கூட மக்கள் நகத்தைக் கடித்துக்கொண்டு பார்க்கிறார்கள்.

ராச்டேல் கிளப் 1907-ல் தொடங்கியது, 1921-ல் லீக்கில் சேர்ந்தது. அன்றிலிருந்து இன்றுவரை மேலே இருக்கிற இரண்டு படிகளில் கால் வைத்ததே இல்லை. 1973-74 சீசனில் மூன்றாம் படியில் 46 ஆட்டம் ஆடி 2-ல்தான் ஜெயித்தார்கள். அந்தச் சீசனில் சொந்த மைதானத்தில் நடந்த ஓர் ஆட்டத்துக்கு ஐந்நூறு பேர்கூட வரவில்லை. நம் ஊரில் ஒரு கல்யாணத்துக்கு அதைவிடக் கூட்டம் வரும். அந்த வருடம் நான்காம் படிக்கு இறங்கியவர்கள் 2010 வரை, 36 சீசன்கள், அங்கேயே இருந்தார்கள். நான்காம் படிக்கே 'ராச்டேல் டிவிஷன்' என்று கிண்டலாகப் பெயர் வைக்கிற அளவுக்குப் போனது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது 1980-ல் நடந்தது. அந்தக் காலத்தில் நான்காம் படியின் கடைசி இடத்துக்கு வந்தாலும் தானாக வெளியேற்ற மாட்டார்கள். கடைசி நான்கு அணிகள் மற்ற கிளப்களிடம் போய் "எங்களை வைத்துக்கொள்ளுங்கள்" என்று ஓட்டுக் கேட்க வேண்டும். சங்கத் தேர்தல் மாதிரிதான். 1978-ல் ராச்டேல் கடைசி இடம். ஓட்டெடுப்பில் தப்பித்தது, ஆனால் பட்டியலில் அதற்கு ஓர் இடம் மேலே முடித்த சவுத்போர்ட் வெளியே போனது. 1980-ல் மறுபடியும் கடைசி இடம். உள்ளே வரப் போட்டியிட்டது மான்செஸ்டரின் தென்பக்கத்தில் இருக்கிற ஆல்ட்ரிங்கம். முடிவு 26-க்கு 25. ஒரே ஒரு ஓட்டில் ராச்டேல் பிழைத்தது. மைதானத்தில் ஜெயிக்கத் தெரியாதவர்கள் ஓட்டுப்பெட்டியில் ஜெயித்தார்கள்! இந்த 26-25-ஐ மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பெருமைக்கும் ஒன்று உண்டு. 1962-ல் நான்காம் படியில் இருந்தபடியே லீக் கோப்பையின் இறுதி ஆட்டம்வரை போனார்கள். அப்போது மேனேஜராக இருந்த டோனி காலின்ஸ்தான் இங்கிலாந்து லீக்கின் முதல் கறுப்பின மேனேஜர். இறுதி ஆட்டம் இரண்டு சுற்றாக நடந்தது. நாரிச் அணியிடம் மொத்தம் 4-0. ஆமாம், அதிலும் தோல்விதான்.

2023-ல், 102 வருடத்துக்குப் பிறகு, முதல்முறையாக ஐந்தாம் படிக்கு விழுந்தார்கள். இத்தனையும் தெரிந்த பிறகும் போகத் தோன்றினால் மேற்கொண்டு படியுங்கள்.

2. வீட்டு ஆட்டமா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்

ஒரு வாரம் சொந்த மைதானத்தில் ஆடினால் அடுத்த வாரம் பெரும்பாலும் வெளியூர். அட்டவணையை அரைகுறையாகப் பார்த்துவிட்டுப் போய், பூட்டின கேட்டுக்கு முன்னால் மழையில் நின்ற ஆள் இதை எழுதுகிறேன். ஆட்டம் பொதுவாகச் சனிக்கிழமை பிற்பகல் 3 மணிக்கு, வார நடுவில் என்றால் செவ்வாய் இரவு. முதல் தடவைக்குச் சனிக்கிழமைதான் நல்லது. செவ்வாய் இரவுக் குளிர் பழகினவர்களுக்கு மட்டும்.

டிசம்பர், ஜனவரி, பிப்ரவரியில் இன்னொரு சிக்கல் உண்டு. புல்தரை உறைந்துவிட்டாலோ தண்ணீர் தேங்கிவிட்டாலோ ஆட்டத்தைக் காலையில்கூடத் தள்ளிவைப்பார்கள். ரயில் ஏறுவதற்கு முன் ஒரு முறை கிளப்பின் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். டிக்கெட்டுக்குப் பதற வேண்டியதில்லை. பத்தாயிரம் பேருக்கு இடமுள்ள மைதானம், நிரம்புவது அபூர்வம்.

அப்புறம், "டிவியில் பார்த்துக்கொள்ளலாம்" என்று நினைக்காதீர்கள். சனிக்கிழமை 2.45 முதல் 5.15 வரை பிரிட்டனில் பொதுவாகக் கால்பந்து ஆட்டங்களை டிவியில் நேரலையில் காட்டக்கூடாது என்று பழைய ஏற்பாடு ஒன்று இருக்கிறது. பெரிய அணிகளை வீட்டில் உட்கார்ந்து பார்த்தால் சின்ன ஊர் மைதானத்துக்கு யார் வருவார்கள் என்ற பயத்தில் செய்தது. அந்த இரண்டரை மணி நேரம் ராச்டேல் மாதிரி ஊர்களுக்கென்று ஒதுக்கப்பட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

3. காலையிலேயே போய்விடுங்கள்

விக்டோரியாவிலிருந்து ரயிலில் இருபது நிமிடத்துக்குள் போய்விடலாம். டிராமும் போகிறது, ஆனால் ஊரையெல்லாம் சுற்றி ஒரு மணி நேரம் எடுக்கும். போகும்போது ரயில், திரும்பும்போது ஜெயித்திருந்தால் டிராம் என்பது என் வழக்கம். அதனால் எனக்கு டிராம் பாதை அவ்வளவாகத் தெரியாது.

ஊரைப் பார்க்காமல் மைதானத்துக்கு ஓடினால் பாதி விஷயம் புரியாது. ராச்டேல் பருத்தி ஆலை ஊர். பென்னைன் மலையடிவாரம் என்பதால் எப்போதும் ஈரக்காற்று. நூல் அறுந்துபோகாமல் நூற்க அந்த ஈரம் உதவியது என்பார்கள். ஆலைகள் போய்விட்டன, ஈரம் மட்டும் போகவில்லை. ஆலைப் பணம் செழித்த காலத்தில், 1871-ல் திறந்த டவுன் ஹால் இன்னும் இருக்கிறது. பல வருடம் பழுது பார்த்து 2024-ல் மறுபடி திறந்தார்கள். உள்ளே போய் அண்ணாந்து பாருங்கள். இவ்வளவு பெரிய கட்டடம் கட்டிய ஊருக்கு இவ்வளவு சின்ன கால்பந்து அணியா என்று தோன்றும்.

அங்கிருந்து சிறிது நடந்தால் டோட் லேன். 1844 டிசம்பரில் ஆலைத் தொழிலாளர்களும் கைவினைஞர்களும் சேர்ந்து ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு ஒரு மளிகைக் கடை திறந்தார்கள். வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ், மெழுகுவத்தி. கடை முழுக்க அவ்வளவுதான் சரக்கு. எவ்வளவு பணம் போட்டிருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டு, வாங்கின அளவுக்கு லாபத்தில் பங்கு. உலகமெங்கும் கூட்டுறவுச் சங்கங்கள் முன்மாதிரியாக எடுத்துக்கொண்ட விதிகள் இந்தச் சின்னக் கடையில் எழுதப்பட்டவை. பால் சங்கமும் கூட்டுறவு ரேஷன் கடையும் பார்த்து வளர்ந்த நமக்கு அந்த அருங்காட்சியகத்தில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போன மாதிரி இருக்கும். இந்த ஊர்க்காரர்கள் கிளப்பைப் பற்றிப் பேசும்போது 'எங்கள்' என்று சொல்கிற தொனி எங்கிருந்து வந்தது என்று நான் யோசித்தபோதெல்லாம் இந்தக் கடைதான் நினைவுக்கு வந்தது.

4. எங்கே நிற்பது

மைதானத்தின் பழைய பெயர் ஸ்பாட்லண்ட். விளம்பரதாரர் பெயர் ஒன்று பலகையில் இருக்கும், வழி கேட்கும்போது அதைச் சொல்லாதீர்கள். "ஸ்பாட்லண்ட்" என்றால் யாரும் கை காட்டுவார்கள். ஸ்டேஷனிலிருந்து நடக்க அரை மணிக்கு மேல் ஆகும். நீலச் சட்டைகள் போகிற பக்கம் போனால் போதும்.

நான்கு பக்கத்தில் மூன்றில் நாற்காலி உண்டு. சாண்டி லேன் முனை மட்டும் இன்னும் பழைய மாதிரி நின்று பார்க்கிற படிக்கட்டு. புதிதாகப் போகிறவர்கள் அங்கேதான் நிற்க வேண்டும் என்பேன். நாற்காலியில் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் யாரென்றே தெரியாமல் வந்துவிடலாம். படிக்கட்டில் அது நடக்காது. கோலுக்குப் பின்னால் ஐந்தாறு படி மேலே, ஒரு ஓரமாக இடம் பிடியுங்கள். அடுத்த முறையும் அதே இடம். மூன்றாவது முறை அங்கே வேறு யாரும் நிற்க மாட்டார்கள். நீங்கள் வராத வாரம், "அந்தப் பையன் எங்கே?" என்று கேட்பார்கள். ஓல்ட் டிராஃபோர்டில் எழுபத்து நாலாயிரம் பேர். நான் போகாவிட்டால் அங்கே யாருக்குத் தெரியப்போகிறது?

நீளவாக்கில் இருக்கிற வில்பட்ஸ் லேன் பக்கம் வெளியூர் ரசிகர்களுக்கு ஒதுக்குவது. டிக்கெட்டில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

உடை விஷயம்: உள்ளே ஒன்று, மேலே ஒன்று, அதற்கு மேல் மழைக்கோட்டு. இரண்டு ஜோடி காலுறை. நின்றபடி இரண்டு மணி நேரம் என்றால் குளிர் உள்ளங்காலிலிருந்துதான் ஏறும். நிறம் நீலம், கறுப்பு. ஆரம்பத்திலேயே ஜெர்ஸி வேண்டாம், ஒரு மப்ளர் போதும்.

5. என்ன சாப்பிடுவது

பை. மாவு ஓட்டுக்குள் இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்துச் சுட்டது, உள்ளே எரிமலை மாதிரி கொதிக்கும். முதல் கடியில் நாக்கைச் சுட்டுக்கொள்ளாத புது ரசிகரை நான் பார்த்ததில்லை. சைவக்காரர்கள் சீஸ்-வெங்காயப் பை கேளுங்கள், லங்காஷயர் பக்கம் அது பழக்கமான பண்டம்தான். மேலே ஊற்றுகிற கிரேவி இறைச்சியில் செய்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். குளிருக்கு எல்லோரும் கோப்பையில் ஆவி பறக்க ஒன்று குடிப்பார்கள், போவ்ரில் என்று பெயர். அது மாட்டிறைச்சிச் சாறு. டீ என்று நினைத்து வாங்கிவிட்டு விழித்தவர்கள் உண்டு. பீர் குடிப்பதானால் உள்ளே பாரிலேயே முடித்துவிட வேண்டும், களம் தெரிகிற இடத்துக்குக் கொண்டுவரக்கூடாது என்பது சட்டம்.

6. எப்படிப் பார்ப்பது

டிவியில் பார்த்த கால்பந்தை மறந்துவிட்டுப் போங்கள். ரீப்ளே கிடையாது. பந்து பாதி நேரம் ஆகாயத்தில் இருக்கும். ஆனால் கோல்கீப்பர் கத்துவது காதில் விழும், முட்டி முட்டியில் இடிக்கிற சத்தம் கேட்கும். கார்னர் கிடைத்தால் கைதட்டுங்கள். எங்கள் ஆள் ஒருவன் பந்தை நாற்பது அடி துரத்திப்போய் வெளியே தட்டிவிட்டால் அதற்கும் கைதட்டுங்கள். ஜெயிப்பதற்காக மட்டும் கைதட்டுவது என்று வைத்துக்கொண்டால் பல வாரங்களுக்கு உங்கள் கை கோட்டுப் பைக்குள்ளேயே இருக்கும்.

திட்டலாம். ஆனால் திட்டுவதற்கு ஒரு முறை இருக்கிறது. சொந்த ஆட்டக்காரனைப் பெயர் சொல்லித் திட்டுவது பல வருடம் நின்றவர்களின் உரிமை. புதிதாக வந்தவர்கள் ரெஃப்ரியோடு நிறுத்திக்கொள்வது மரியாதை. நம் வீட்டுப் பிள்ளையை நாம் திட்டலாம், பக்கத்து வீட்டுக்காரர் திட்டினால் சும்மா இருப்போமா? அந்தக் கணக்குதான். "இவர்கள் ஏன் இப்படி ஆடுகிறார்கள்?" என்று என்னோடு வந்த நண்பர் ஒருவர் முதல் நாளே சத்தமாகக் கேட்டார். சுற்றி நின்றவர்கள் திரும்பி முறைத்தார்கள், அதுவரை அதையே சொல்லிக்கொண்டிருந்தவர்களும் சேர்த்தி.

எவ்வளவு மோசமாகப் போனாலும் 90-வது நிமிடத்துக்கு முன் கிளம்பாதீர்கள். 2018 பிப்ரவரியில் எஃப்.ஏ. கோப்பையில் பிரீமியர் லீக் அணியான டாட்டன்ஹாம் ஸ்பாட்லண்டுக்கு வந்தது. 88-வது நிமிடத்தில் டாட்டன்ஹாமின் ஹாரி கேன் பெனால்டி அடித்து 2-1 ஆக்கினார். கூட்டத்தைத் தவிர்க்க அப்போதே படியிறங்கியவர்கள் இருந்திருப்பார்கள். 93-வது நிமிடத்தில் ராச்டேலின் ஸ்டீவ் டேவிஸ் சமன் செய்தார், 2-2. மறு ஆட்டம் வெம்பிளியில், கொட்டுகிற பனியில், 6-1 என்று தோற்றார்கள். ஊரில் யாரும் 6-1 பற்றிப் பேசிக் கேட்டதில்லை. அந்த மறு ஆட்ட முறையையே முதல் சுற்றிலிருந்து 2024-ல் எடுத்துவிட்டார்கள். சின்ன கிளப்புகளுக்கு அதில் வந்த பணம்தான் சில வருடங்களில் சம்பளத்துக்கே உதவியது. அதைப் பிடுங்கியது அநியாயம் என்பது என் கட்சி.

7. மூன்று பெயர்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

படிக்கட்டில் பேச்சுக்கு இவை போதும். 2019 செப்டம்பரில் ராச்டேல் ஓல்ட் டிராஃபோர்டில் ஆடியது. 16 வயது லூக் மாத்திசன் கோல் அடித்து 1-1 ஆக்கினான். பெனால்டியில்தான் யுனைடெட் தப்பித்தது. அதே சீசனில், 2020 ஜனவரியில், நியூகாசிலுக்கு எதிராக 1-1 ஆக்கியவர் ஆரன் வில்பிரகாம். வயது 40. பையனும் அப்பா வயதுக்காரரும் ஒரே உடைமாற்றும் அறையில் இருந்த அணி அது.

மூன்றாவது பெயர் ஜோ தாம்ப்சன். இதைக் கொஞ்சம் மெதுவாகத்தான் சொல்ல வேண்டும். ராச்டேலில் வளர்ந்தவர், நடுக்கள ஆட்டக்காரர். 2013-ல் நிணநீர்ப் புற்றுநோய் வந்தது, சிகிச்சை எடுத்து மீண்டார். 2017-ல் மறுபடியும் வந்தது. மறுபடியும் மீண்டு அதே வருடக் கடைசியில் களத்துக்குத் திரும்பினார். 2018 மே 5, சீசனின் கடைசி நாள். ராச்டேல் ஜெயிக்காவிட்டால் நான்காம் படிக்கு இறங்க வேண்டும் என்ற நிலை. ஸ்பாட்லண்டில் சார்ல்டனுக்கு எதிராக விழுந்த ஒரே கோலை அடித்தவர் தாம்ப்சன். ராச்டேல் தப்பித்தது, பக்கத்து ஊர் ஓல்டம் இறங்கியது. அடுத்த வருடம் அவர் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். 2025 ஏப்ரலில், 36 வயதில், காலமானார். சாண்டி லேனில் அவர் பெயரை யாராவது எடுத்தால், தெரிந்த மாதிரி புள்ளிவிவரம் எதுவும் சொல்ல வேண்டாம். கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.

8. பணம் எங்கே போகிறது

நீங்கள் கொடுக்கிற பத்து, இருபது பவுண்டு பெரிய கிளப்புக்கு ஒரு பொருட்டே இல்லை. இங்கே அப்படி இல்லை. 2021-ல் வெளிக்குழு ஒன்று பங்குகளை வளைத்துப்போட்டுக் கிளப்பைக் கைப்பற்றப் பார்த்தபோது ரசிகர்கள் கூடித்தான் தடுத்தார்கள். 2024 வசந்தத்தில் 20 லட்சம் பவுண்டு கிடைக்காவிட்டால் மூட வேண்டியதுதான் என்று கிளப்பே அறிவித்தது. கடைசியில் ஆக்டன் குடும்பம் வாங்கியது, பிழைத்தது. ஆகவே ஜெர்ஸி வாங்கினால் கிளப் கடையில் வாங்குங்கள். டேல் டிரஸ்ட் என்று ரசிகர்கள் சங்கம் ஒன்று இருக்கிறது, அதில் சேருங்கள். ஐந்தாறு ஆட்டம் பார்த்த பிறகும் மனம் மாறவில்லை என்றால் சீசன் டிக்கெட். அவசரப்பட்டு முதல் மாதமே எடுக்க வேண்டாம், நவம்பர் மழையைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சென்னையிலோ மதுரையிலோ இருந்துகொண்டு இந்தப் பைத்தியத்தில் சேர விரும்புகிறவர்களுக்கு: அங்கே 3 மணி என்பது நமக்குக் குளிர்காலத்தில் இரவு 8.30, கோடையில் 7.30. கோல் விவரம் எழுத்தில் வந்துகொண்டிருக்கும். சாப்பிட்டுக்கொண்டே தோற்கலாம்.

9. முதல் வெளியூர் ஆட்டம்

வீட்டு ஆட்டம் ஆறேழு பார்த்த பிறகு ஒரு வெளியூர் ஆட்டத்துக்குப் போக வேண்டும். தூரமாகப் போய் அவதிப்படாதீர்கள். இரண்டு அணிகளும் ஒரே படியில் இருக்கிற சீசனாக இருந்தால் ஆல்ட்ரிங்கத்துக்குப் போங்கள். ராச்டேல் ஒரு முனை, ஆல்ட்ரிங்கம் இன்னொரு முனை, நடுவில் மான்செஸ்டரில் மாறினால் முழுக்க டிராமிலேயே போய்விடலாம். நிறுத்தத்திலிருந்து மாஸ் லேன் மைதானத்துக்கு நடந்துவிடலாம்.

அங்கே பை வரிசையில் நீல மப்ளரைப் பார்த்ததும் வயதானவர் ஒருவர் 1980 பற்றிப் பேச்செடுக்க வாய்ப்பு உண்டு. நாற்பது வருடத்துக்கு மேல் ஆகியும் ஆறாத புண் அது, வாதம் செய்யாதீர்கள். அவர் சொல்வதை எல்லாம் சொல்லி முடிக்கட்டும். "இருபத்தாறுக்கு இருபத்தைந்து" என்று மட்டும் சொல்லிவிட்டு, அவருக்கும் சேர்த்து ஒரு பை வாங்குங்கள்.